இரண்டு மீட்டர் குழிக்குள் ஆளை இறக்கலாமா?

கேள்வி:

அன்புள்ள அண்ணா, வணக்கம். நான் மலேசியாவில், பேராக் மாநிலத்து ஊத்தான் மெலிந்தாங்கில் இருக்கிறேன். பத்து வருடம் அடுத்தவரிடம் வேலை செய்துவிட்டு, இந்த வருடம்தான் சொந்தமாக ஒரு சின்னக் குத்தகை எடுத்தேன். தாமான் (வீடமைப்புப் பகுதி) ஓரமாக 180 மீட்டருக்கு வடிகால் குழாய் புதைக்கும் வேலை. 600 மில்லிமீட்டர் கான்கிரீட் குழாய், ஒவ்வொன்றும் 3 மீட்டர் நீளம். குழியின் ஆழம் ஏறக்குறைய 2 மீட்டர். ஒரு பக்கம் சாலை, மறுபக்கம் வீட்டு வேலிகள். என்னிடம் ஆறு பேர் வேலை செய்கிறார்கள், அதில் நான்கு பேர் வங்காளதேசத்துக்காரர்கள். என் மாமனாரும் கூட வந்து பார்த்துக்கொள்கிறார். தோட்டத்தில் காண் (வடிகால் வாய்க்கால்) வெட்டியவர், பிறகு முப்பது வருடம் குழாய் வேலை செய்தவர்.

போன வியாழக்கிழமை பத்து மணிக்கு எல்லாரும் தேநீர் குடிக்க மேலே வந்திருந்தோம். சாலைப் பக்கத்து மண் நான்கு மீட்டர் நீளத்துக்கு அப்படியே உள்ளே சரிந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. “இந்த மண் அப்படித்தான், அள்ளிப் போட்டுவிட்டு வேலையைப் பாரு” என்றார் மாமா. எனக்கு அன்று இரவு தூக்கமே வரவில்லை. மெயின் குத்தகையாளர் மீட்டர் கணக்கில்தான் பணம் தருகிறார், மண் தடுப்புக்கென்று தனியாக ஒன்றும் இல்லை. நான் என்ன செய்வது? இன்னொன்று: கடைசியில் இந்தக் குழாயைச் செம்பனை எண்ணெய் ஆலைப் பக்கம் இருக்கும் ஒரு பழைய தொட்டியோடு இணைக்க வேண்டும். முகத்தில் துணி கட்டிக்கொண்டு இறங்கினால் போதுமா?

பதில்:

தம்பி, வணக்கம். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மற்றதைப் பிறகு பேசலாம். தடுப்பு வைக்காத அந்தக் குழிக்குள் இனி யாரும் இறங்கக் கூடாது. நீங்களும் சரி, மாமாவும் சரி, அந்த ஆறு பேரில் யாராக இருந்தாலும் சரி. “ஒரு நிமிஷம்தான், லெவல் பார்த்துவிட்டு ஏறிவிடுகிறேன்” என்றாலும் விடாதீர்கள். பத்து மணித் தேநீர் உங்கள் ஆட்களைக் காப்பாற்றியிருக்கிறது. அடுத்த முறையும் மண் பத்து மணி பார்த்துத்தான் சரியும் என்று யாரும் சொல்ல முடியாது.

உங்கள் ஊர் மண் எனக்குப் பழக்கம். பாகான் டத்தோ பக்கம் பல வருடம் வடிகால் வேலையில் மேற்பார்வையாளராக இருந்துவிட்டுத்தான் பாதுகாப்பு அதிகாரி வேலைக்கு வந்தேன். மேலே அரை மீட்டர், ஒரு மீட்டர் காய்ந்த மண் இருக்கும். அதற்குக் கீழே சாம்பல் நிறக் களிமண். சில இடத்தில் சிப்பி ஓடுகூடக் கிடைக்கும், ஒரு காலத்தில் கடல் இருந்த இடம். பக்கத்துத் தெலுக் இந்தானில் 1885-இல் கட்டிய கோபுரம் ஏன் சாய்ந்து நிற்கிறது? கீழே இளகின மண், மேலே தண்ணீர்த் தொட்டியின் கனம். அந்த மாதிரி மண்ணில்தான் நீங்கள் இரண்டு மீட்டருக்குச் செங்குத்தாக வெட்டி வைத்திருக்கிறீர்கள்.

வெட்டின உடனே அது ஏன் நிற்கிறது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். ஏமாற்றுவது அந்த இடம்தான். களிமண்ணை எக்ஸ்கவேட்டர் வாளியால் வெட்டியதும், சுவர் கத்தியால் நறுக்கிய அகார்-அகார் மாதிரி பளபளவென்று நேராக நிற்கும். களிமண்ணுக்குள் இருக்கும் நீர் மண் துகள்களை இழுத்துப் பிடித்துக்கொண்டிருப்பதால் வரும் பலம் அது. பக்கத்து மண்ணை எடுத்துவிட்டதால் சுவர் மெல்ல வெளிப்பக்கம் தளர்கிறது. சின்ன விரிசல் விழுகிறது. அதில் தண்ணீர் இறங்குகிறது. இறங்க இறங்க அந்தப் பிடி விட்டுப்போகிறது. இதற்கு ஒரு மணி நேரம் ஆகலாம், ஒரு நாள் ஆகலாம். ஆகவே “நேற்று நின்ற மண்தானே” என்பது ஆறுதலான பேச்சு இல்லை, தம்பி. நேற்று நின்றது என்றால் ஒரு நாள் பலம் குறைந்திருக்கிறது என்று அர்த்தம். உங்கள் பக்கம் பெர்ணம் ஆற்றில் கடல்நீர் ஏறும்போது ஓடைகளில் நீர் உயரும். சாயங்கால மழை வேறு. போதாததற்குச் சாலையில் செம்பனைக் குலை லாரி போகும்போதெல்லாம் குழியின் விளிம்பு அதிர்கிறது. சாலைப் பக்கம் சரிந்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

நாளைக்கு ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள். எக்ஸ்கவேட்டர் கீழிருந்து அள்ளிப் போட்ட மண்ணில், கை படாத பெரிய கட்டி ஒன்றை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்துங்கள். நகம் மட்டும் பதிந்து, விரல் இறங்க மிகவும் சிரமப்பட்டால் அது கெட்டியான மண். விரல் பாதி வரைக்கும் சுலபமாக உள்ளே போனால், அந்த மண் எந்தச் சுவரையும் தாங்காது. உங்கள் மண்ணில் விரல் முழுதாக இறங்கும் என்றே நினைக்கிறேன். மாமாவையும் அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். கெட்டியாக இருந்தாலும் இந்தச் சோதனையை நம்பி ஆளை இறக்கிவிடாதீர்கள். மண் எவ்வளவு மோசம் என்று தெரிந்துகொள்ளத்தான் இது.

சரிந்த மண்ணின் கணக்கையும் போட்டுவிடுவோம். நான்கு மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் ஆழம். தடிமன் அரை மீட்டர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நான்கு கன மீட்டர் ஆகிறது. ஈரக் களிமண் கன மீட்டருக்கு ஒன்றரை டன்னுக்குக் குறையாது. மொத்தம் ஆறு டன், அதாவது ஏறக்குறைய ஆறு மைவி கார்கள். அவ்வளவும் இரண்டு விநாடியில் உள்ளே வந்திருக்கிறது. ஹெல்மெட்டும் பூட்ஸும் போட்டிருந்தால் என்ன செய்யும்?

இதை நான் ஏட்டில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. எனக்கு இருபத்தாறு வயது இருக்கும். கடலோரத்தில் இதே மாதிரி ஒரு வேலை. எந்த நிறுவனம் என்று சொல்ல வேண்டாம். குழி இரண்டு மீட்டருக்குச் சற்று அதிகம். குழாயின் மேல் வைத்த நீர்மட்டக் கட்டையை எடுக்க ஒருவர் இறங்கினார். பெரிய சத்தம் எதுவும் கேட்கவில்லை, நெல் மூட்டையை இறக்கி வைத்தது மாதிரி ஒரு ‘தொம்’ மட்டும். ஓடிப்போய்ப் பார்த்தால் மண் அவர் மார்பு வரைக்கும் இருந்தது. தலையும் இரண்டு கையும் வெளியே. “ஒன்றும் இல்லை அண்ணே, கால்தான் மாட்டிக்கிச்சு” என்று தெளிவாகப் பேசினார். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம், தலை வெளியே இருக்கிறதே என்று. ஆனால் மனிதர் மூச்சை வெளியே விடும்போது மார்பு சுருங்குகிறது இல்லையா? சுருங்கின அந்த இடத்தை மண் பிடித்துக்கொள்கிறது. அடுத்த மூச்சுக்கு மார்பு விரிய இடம் இருக்காது. அதற்கடுத்த மூச்சுக்கு இன்னும் குறைவு. பேச்சு சின்னதாகிப் போனது. பிறகு உதடு மட்டும் அசைந்தது. நாங்கள் கையாலும் ஹெல்மெட்டாலும் மண்ணை வாரிக்கொண்டே இருந்தோம், வாரிய இடத்தில் மறுபடியும் மண் வந்து விழுந்தது. பொம்பா (தீயணைப்பு மீட்புப் படை) வருவதற்குள் முடிந்துவிட்டது. இன்றைக்கும் ஒரு குழியைப் பார்த்தால் நான் முதலில் பார்ப்பது அதன் ஆழத்தைத்தான், மார்புக்கு மேலா கீழா என்று.

உலகத்தில் பல இடங்களில் ஒன்றரை மீட்டரை ஓர் எல்லையாக வைத்திருக்கிறார்கள். அதற்கு மேல் ஆழம் போனால் தடுப்போ சரிவோ இல்லாமல் ஆள் இறங்கக் கூடாது. உங்கள் மண்ணுக்கு அந்த எல்லைகூட அதிகம்தான். குனிந்து வேலை செய்கிறவனுக்கு ஒரு மீட்டர் குழியே மார்புக்கு மேலே வந்துவிடும்.

சரி, வேலையை எப்படி முடிப்பது? நீங்கள் கேட்டது அதுதானே.

பக்கங்களைச் சரிவாக வெட்டி அகலப்படுத்துவது ஒரு வழி. ஆனால் இப்படிப்பட்ட இளகின ஈர மண்ணுக்கு ஒரு மீட்டர் ஆழத்துக்குப் பக்கவாட்டில் ஒன்றரை மீட்டராவது சரிவு வேண்டும். அடியில் ஒரு மீட்டர் அகலம், ஆழம் இரண்டு மீட்டர், ஒவ்வொரு பக்கமும் மூன்று மீட்டர் என்றால் மேல் அகலம் ஏழு மீட்டர் ஆகிவிடும். சாலையும் போய்விடும், அடுத்தவர் வீட்டு வேலியும் போய்விடும். எனவே அது உங்களுக்கு ஆகாது.

உங்களுக்குத் தோதானது டிரெஞ்ச் பாக்ஸ்தான். இரண்டு பக்கமும் இரும்புப் பலகை, நடுவில் குறுக்குச் சட்டங்கள். வாடகைக்குக் கிடைக்கும். வாடகைக்காரரிடம் பேசும்போது நிறையப் பேர் தவறு செய்யும் ஓர் இடம் உண்டு. 600 என்பது குழாயின் உள்விட்டம். சுவர்த் தடிமனையும் சேர்த்தால் 750 வரும், அடுத்த குழாய் சொருகும் அகன்ற முனையான சாக்கெட் பக்கம் இன்னும் அதிகம். நீங்கள் 600 என்று மட்டும் சொல்லி, அவர் அதற்கேற்ற பெட்டியை அனுப்பிவிட்டால், குறுக்குச் சட்டத்துக்குக் கீழே குழாய் நுழையாது. அப்போது ஆட்கள் என்ன செய்வார்கள்? பெட்டியைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுப் பழையபடி இறங்குவார்கள். நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆகவே வெளிவிட்டத்தைச் சொல்லுங்கள், மண் என்ன மண் என்று சொல்லுங்கள். பெட்டியின் நீளம் குழாயைவிட ஒரு மீட்டராவது கூடுதலாக இருக்கட்டும். உங்களிடம் இருக்கும் எக்ஸ்கவேட்டர் அந்தப் பெட்டியைத் தூக்குமா என்பதையும் கேட்டுவிடுங்கள். சின்ன பேக்கோவுக்கு அது முடியாது. எந்த ஆழம் வரைக்கும், எந்த மண்ணுக்கு அந்தப் பெட்டி தாங்கும் என்ற தாளையும் கேட்டு வாங்கி, மெயின் குத்தகையாளரின் பொறியாளரிடம் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். பாக்காவ் (சதுப்புநில மரம்) கட்டையை அடித்துப் பலகையைச் சொருகிச் சமாளித்துவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். பாக்காவ் குழாய்க்கு அடியில் படுகை தாங்க நல்லது. சுவரைத் தாங்க, பொறியாளர் கணக்குப் போட்டுத் தராமல் வெறும் கண் அளவை நம்பி அடித்து வைக்காதீர்கள்.

பெட்டி வந்துவிட்டால் வேலையின் வரிசை மாறும். இருபது மீட்டரை ஒரேயடியாகத் தோண்டிப் போட்டுவிட்டுக் குழாய் வைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். பெட்டி நீளத்துக்கு மட்டும் தோண்டுவது, தோண்டத் தோண்டப் பெட்டியை அழுத்தி இறக்குவது, படுகை போட்டுக் குழாய் வைத்துச் சேர்ப்பது, பின்னால் மண் போட்டு மூடுவது, பெட்டியை முன்னே இழுப்பது. பெட்டி நகரும்போது உள்ளே ஆள் இருக்கக் கூடாது. அதன் அடிவிளிம்புக்கும் குழித் தரைக்கும் நடுவில் இடைவெளி விடாதீர்கள், அந்த வழியாகத்தான் இளகின மண் உள்ளே பிதுங்கும். காலையில் திறந்த நீளம் சாயங்காலம் மூடியிருக்க வேண்டும். தாமான் பிள்ளைகள் சைக்கிள் விடும் இடம், இரவில் திறந்த குழி கிடக்கவே கூடாது.

இனி நான் முக்கியமாக நினைப்பதைச் சொல்கிறேன். 180 மீட்டருக்கு 60 குழாய். ஒரு குழாய்க்கு ஆள் மூன்று முறை இறங்குகிறான்: படுகையைச் சமன் செய்ய, குழாயைப் பிடித்துச் சேர்க்க, சங்கிலியைக் கழற்ற. மொத்தம் 180 முறை. பெட்டி வைத்தாலும் அந்த எண்ணிக்கையைக் குறைக்க முடியுமா என்று பாருங்கள். படுகையை எக்ஸ்கவேட்டர் வாளியாலேயே சமன் செய்து, அளவுகோலை மேலிருந்து இறக்கி லெவல் பார்க்கலாம். குழாயை மேலிருந்து இரண்டு கயிற்றால் திருப்பி நேராக்கலாம். சங்கிலிக்குப் பதில் நைலான் பட்டை போட்டால், நீளமான கொக்கிக் கம்பியால் மேலிருந்தே கழற்றிவிடலாம். ரப்பர் வளையத்தைக் குழாய் தரையில் இருக்கும்போதே மாட்டிவிடுங்கள். கடைசியாகச் சேர்ப்பு சரியாக உட்கார்ந்ததா என்று பார்க்க ஒரு முறை இறங்கினால் போதும். மூன்று இறக்கம் ஒன்றானால் 180 என்பது 60 ஆகிவிடும். பெரும்பாலான இறக்கம் தேவையால் நடப்பதில்லை, பழக்கத்தால் நடக்கிறது. என் அனுபவத்தில் இதை மாற்றிய குழுக்கள் மெதுவாகவும் போகவில்லை. முதல் இரண்டு நாள் தடுமாறுவார்கள், மூன்றாம் நாள் கை பழகிவிடும்.

குழாயைத் தூக்குவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. மூன்று மீட்டர் குழாய் ஒன்று ஒரு டன்னுக்கு மேல் கனக்கும். வாளியின் பல்லில் சங்கிலியை மாட்டித் தூக்காதீர்கள், வாளி கொஞ்சம் திரும்பினாலும் வழுக்கிவிடும். தூக்குவதற்கென்று எடை குறித்த வளையம் இருக்கும் இயந்திரமாக எடுங்கள். தொங்கும் குழாய்க்குக் கீழே யாரும் நிற்கக் கூடாது, பெட்டிக்குள்ளும் நிற்கக் கூடாது. எக்ஸ்கவேட்டர் ஓட்டுநர் ஒரே ஒருவரின் கையசைவைத்தான் பார்க்க வேண்டும். ஆறு பேரும் கையை ஆட்டினால் அவர் யாரைப் பார்ப்பார்?

தோண்டிய மண்ணை விளிம்பில் குவிக்காதீர்கள். குறைந்தது ஒரு மீட்டராவது தள்ளிக் கொட்டுங்கள், இடம் இருந்தால் குழியின் ஆழம் எவ்வளவோ அவ்வளவு தூரம். குழாய் லாரிக்கும் அதே கணக்குதான். ஏணி குழிக்குள்ளேயே, ஆள் வேலை செய்யும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கட்டும், விளிம்புக்கு மேல் ஒரு மீட்டர் நீட்டிக்கொண்டு. எக்ஸ்கவேட்டர் வாளியில் ஏறி வருவது, குழாயில் கால் வைத்துத் தாவி ஏறுவது, இரண்டும் வேண்டாம்.

தோண்டும் முன் தெனாகா (மின்சார நிறுவனம்) கேபிளும் தண்ணீர்க் குழாயும் எங்கே போகின்றன என்று வரைபடத்தில் பார்த்து, சந்தேகப்படும் இடத்தில் கையால் தோண்டிப் பாருங்கள். தோட்டப்புறத்தில் பழைய தண்ணீர்க் குழாய்கள் சில ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்டில் செய்தவை, சாம்பல் நிறத்தில், தட்டினால் ஓடு மாதிரி இருக்கும். அப்படி ஒன்று வந்தால் கிரைண்டரை வைக்கவே வைக்காதீர்கள். அந்தத் தூசி நுரையீரலில் போய் உட்கார்ந்து பல வருடம் கழித்து ஆளைக் கொல்லும். வேலையை நிறுத்திவிட்டு மெயின் ஆளுக்குச் சொல்லுங்கள். காண் தண்ணீரில் நிற்கும் ஆட்களுக்கு முழங்கால் பூட்ஸ் வாங்கிக் கொடுங்கள், கால் புண்ணைக் கட்டாமல் இறங்க விடாதீர்கள். எலிச் சிறுநீரால் வரும் காய்ச்சல் சாதாரணக் காய்ச்சல் மாதிரிதான் ஆரம்பிக்கும். கிளினிக்குக்குப் போனால் “வடிகாலில் வேலை செய்கிறேன்” என்று மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள்.

பணத்துக்கு வருகிறேன். மீட்டர் கணக்கில் ஒத்துக்கொண்டது உங்கள் தவறுதான், அடுத்த விலைப்புள்ளியில் மண் தடுப்பைத் தனி வரியாகப் போடுங்கள். இப்போதைக்கு மெயின் குத்தகையாளரிடம் பேசுங்கள், ஆனால் வாயால் மட்டும் பேசாதீர்கள். சரிந்த இடத்தின் படத்தை வைத்து, “வியாழன் காலை பத்து மணிக்கு சாலைப் பக்கம் நான்கு மீட்டர் சரிந்தது, ஆழம் 2 மீட்டர், ஆட்கள் மேலே இருந்தார்கள். தடுப்பு இல்லாமல் இனி ஆள் இறக்க மாட்டேன். டிரெஞ்ச் பாக்ஸ் வாடகை இவ்வளவு. யார் கொடுப்பது என்று நாளைக்குள் சொல்லுங்கள்” என்று வாட்ஸ்அப்பில் எழுதுங்கள். மரியாதையாக, சுருக்கமாக. எழுத்தில் வந்துவிட்டால் அவரால் தெரியாது என்று சொல்ல முடியாது. சட்டமும் அவரை விடாது. 1994-ஆம் ஆண்டு தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. குத்தகையாளரின் கீழ் வேலை செய்யும் துணைக் குத்தகையாளர், அவருடைய ஆட்கள் எல்லாருடைய பாதுகாப்புக்கும் மேலே இருப்பவருக்கும் பொறுப்பு உண்டு என்று அது சொல்கிறது. முதலாளியின் கடமை தவறினால் அபராதம் முன்பு 50,000 வெள்ளி (ரிங்கிட்) வரைக்கும் இருந்தது, இப்போது 500,000 வெள்ளி வரைக்கும். சிறையும் உண்டு.

அந்தச் சட்டம் உங்களையும் பிடிக்கும் தம்பி, நீங்களும் இப்போது முதலாளிதான். வேலைக்கு முன் ஆபத்துகளை மதிப்பிட்டு எழுதி வைப்பது உங்கள் கடமை. ஐந்து பேர் அல்லது அதற்கு மேல் வேலைக்கு வைத்திருந்தால், அவர்களில் ஒருவரைப் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளராக நியமிக்க வேண்டும். உங்களிடம் ஆறு பேர். அந்த ஒருவரை முறையாகப் பயிற்சிக்கு அனுப்புங்கள். உடனடி ஆபத்து என்று நியாயமாகத் தோன்றி, முதலாளியிடம் சொல்லியும் அவர் அதை நீக்காவிட்டால் தொழிலாளி அந்த இடத்தை விட்டு விலகிக்கொள்ளலாம், அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது என்ற உரிமையும் இப்போது இருக்கிறது. இதை உங்கள் வங்காளதேசத்து ஆட்களுக்கு நீங்களே வாயைத் திறந்து சொல்லுங்கள். அவர்கள் பெர்மிட் போய்விடுமோ என்ற பயத்தில் எதைச் சொன்னாலும் “ஃபஹாம், பாஸ்” (புரிந்தது முதலாளி) என்று தலையாட்டுவார்கள். தலையாட்டினால் புரிந்தது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், செய்து காட்டச் சொல்லுங்கள். எல்லாருக்கும் கட்டுமானத் தொழிலாளருக்கான சிஐடிபி பச்சை அட்டை இருக்கிறதா, தொழிலாளர் காப்புறுதியான சொக்சோவில் பதிந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். 2019-லிருந்து வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் சொக்சோ உண்டு. அவர்கள் வீட்டில் தூங்காமல் காத்திருக்கும் அம்மாவுக்கும் மனைவிக்கும் அது ஒன்றுதான் கையில் இருக்கும்.

இப்போது அந்தத் தொட்டி. துணி கட்டிக்கொண்டு இறங்குவது கூடவே கூடாது. துணி தூசியைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. செம்பனை ஆலைக் கழிவுநீர் தேங்கி அழுகினால் மீத்தேனும் ஹைட்ரஜன் சல்பைடும் வரும். அழுகின முட்டை வாடை அடிக்குமே, அந்த வாயுதான் இரண்டாவது. வாடை அடித்தால் ஏறிவிடலாம் என்று நினைப்பீர்கள். காற்றில் பத்து லட்சத்தில் நூறு பங்கு அளவுக்கு வந்துவிட்டால் மூக்கு மரத்துப்போய்விடும், வாடையே தெரியாது. “வாடை போய்விட்டது, இறங்கலாம்” என்று ஒருவர் சொல்கிறார் என்றால் அது மிகவும் மோசமான நேரமாக இருக்கலாம். இன்னும் அதிகமாக இருந்தால் இரண்டு மூச்சில் ஆள் விழுந்துவிடுவார். அவரைத் தூக்க இரண்டாமவர் இறங்குவார், அவரைத் தூக்க மூன்றாமவர். ஒரே தொட்டியில் அண்ணனும் தம்பியும் போன செய்தியை நாம் படிப்பது இதனால்தான்.

நம் நாட்டில் இப்படிப்பட்ட மூடிய இடத்துக்குத் தனி நடைமுறை இருக்கிறது. வாயுவை அளக்க அதற்கென்று பயிற்சி பெற்று அனுமதி பெற்ற ஆள், உள்ளே இறங்கப் பயிற்சி பெற்ற ஆள், மேலே நகராமல் நிற்கும் காவல் ஆள், எழுத்தில் அனுமதிச் சீட்டு. ஆக்சிஜன் 19.5 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது, ஹைட்ரஜன் சல்பைடு பத்து லட்சத்தில் பத்துப் பங்கைத் தாண்டக் கூடாது. மூடியைத் திறந்ததும் மேலே ஒரு முறை அளந்துவிட்டு நிறுத்தக் கூடாது. கயிற்றில் கருவியை இறக்கி மேல், நடு, அடி மூன்றிலும் அளக்க வேண்டும், ஆள் உள்ளே இருக்கும்வரை அளந்துகொண்டே இருக்க வேண்டும். உங்கள் ஆறு பேரில் இந்தப் பயிற்சி யாருக்கும் இல்லை என்றே நினைக்கிறேன். அப்படியானால் அந்த இணைப்பை நீங்கள் செய்யாதீர்கள். பயிற்சி உள்ள குழுவுக்கு அந்த ஒரு வேலையை மட்டும் கொடுத்துவிடுங்கள். பிற்பாடு நீங்களே செய்ய ஆசைப்பட்டால், தொழில் பாதுகாப்புக் கழகமான நியோஷில் பயிற்சி இருக்கிறது. உங்கள் குழியும் அந்தத் தொட்டியை நெருங்க நெருங்க ஒரு பள்ளத் தொட்டி மாதிரிதான் ஆகும். கடைசி சில மீட்டரில் வாயு அளக்காமல் குழிக்குள்ளும் யாரையும் விடாதீர்கள்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். இத்தனைக்கும் பிறகு ஒருவேளை மண் யார் மேலாவது விழுந்துவிட்டால், முதலில் எக்ஸ்கவேட்டரை நிறுத்துங்கள், சாலையில் லாரிகளை நிறுத்துங்கள். உடனே 999, மண் சரிந்து ஆள் புதைந்திருக்கிறார் என்று சொல்லுங்கள். மற்றவர்களை மேலே எடுத்துத் தலையை எண்ணுங்கள். வாளியால் தோண்டி எடுக்கப் பார்க்காதீர்கள், கயிற்றைக் கட்டி இழுக்காதீர்கள். விழுந்த மண்ணுக்குப் பின்னால் இன்னொரு சுவர் நின்றுகொண்டிருக்கும், அது இரண்டாவதாக விழும். பாதுகாப்பான இடத்தில் நின்றுகொண்டு கைக்கு எட்டினால் முகத்தையும் மார்பையும் முதலில் விடுவியுங்கள், காலைப் பிறகு பார்க்கலாம். குழித் தண்ணீரை இறைக்கும் பம்பு ஓடிக்கொண்டே இருக்கட்டும். அப்புறம் நாம் ஜேகேகேபி என்று சொல்லும் தொழில் பாதுகாப்பு இலாகாவுக்கு உடனே தகவல், சொக்சோவுக்கு 48 மணி நேரத்துக்குள். எதையும் மறைத்து மூடாதீர்கள்.

கடைசியாக மாமா. அவரிடம் எப்படிச் சொல்வது என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் கடிதத்தில் அந்தத் தயக்கம் தெரிகிறது. அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அவர் காலத்தில் தோட்டத்துக் காணை மண்வெட்டியால் வெட்டினார்கள். பெரும்பாலும் இடுப்பளவு, பக்கம் சாய்வாக, மேலே திறந்தபடி. ஒரு நாள் முழுக்க வெட்டினால்தான் கொஞ்ச தூரம் போகும். மண் அசைந்தால் மண்வெட்டி பிடித்தவன் கைக்கே தெரிந்துவிடும். இப்போது எக்ஸ்கவேட்டர் பத்து நிமிடத்தில் இரண்டு மீட்டர் இறங்கிவிடுகிறது, அதற்குப் பிறகுதான் மனிதன் உள்ளே போகிறான். மண் அதேதான், வேலை மாறிவிட்டது. இதை அவரிடம் நீங்கள் இப்படியே சொல்லலாம், கோபித்துக்கொள்ள மாட்டார்.

அவரை இனிக் குழிக்குள் இறக்காமல் மேலே நிறுத்துங்கள். முப்பது வருடம் மண்ணைப் பார்த்த கண் உங்கள் ஆறு பேரில் யாருக்கும் இல்லை. காலையில் வேலை தொடங்கும் முன், மழை விட்ட பிறகு, சாப்பாட்டுக்குப் பின் என்று ஒவ்வொரு முறையும் விளிம்பை நடந்து பார்க்கட்டும். குழிக்கு இணையாக ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் தள்ளித் தரையில் மயிரிழை விரிசல் தெரிகிறதா, சுவரின் அடி பிதுங்குகிறதா, தரை வீங்குகிறதா, காய்ந்திருந்த இடத்தில் தண்ணீர் கசிகிறதா, பொடிமண் உதிர்கிறதா, பெட்டிக்குப் பின்னால் வேலித்தூண் சாய்கிறதா. ஒரு விசில் வாங்கி அவர் கழுத்தில் மாட்டுங்கள். அவர் ஊதினால் காரணம் கேட்காமல் எல்லாரும் ஏறிவிட வேண்டும், நீங்கள் உட்பட. பெட்டி வந்து முதல் குழாய் இறங்கியதும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.